வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரோம்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் கீழே இரண்டு, மேலே மூன்று என்று ஐந்து போர்ஷன் இருக்கிறது. அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு 14 வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் மேடவாக்கம் ஃபிளாட்டும் என் பொறுப்புதான். அதனால் உறவிலும் தெருவிலும் யாராவது முதல்முறையாக வீடு வாடகைக்கு விட்டால் எனக்கு போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது. கோர்ட்டு வரை போகும் விஷயமாக இருந்தால் தயவுசெய்து ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அட்வான்ஸ் எத்தனை மாசம் வாங்கலாம்? எல்லோரும் பத்து மாசம் வாங்குகிறார்களே?

சென்னையில் பத்து மாசம் என்பது வழக்கம், சட்டம் இல்லை. 2017-ல் கொண்டுவந்து 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரண்டு பேரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. அந்த 'வேறு விதமாக' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாசம் இன்னும் ஓடுகிறது.

நான் மூன்று மாசம்தான் வாங்குகிறேன். தைரியம் வர எனக்கு நாலைந்து வருஷம் ஆயிற்று, ஆனால் அதற்குப் பிறகு ஒரு நஷ்டமும் வரவில்லை. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாசம் என்றால் ஒன்றரை லட்சம். புதிதாகக் கல்யாணமாகி வருகிற ஒரு ஜோடி அந்தப் பணத்தைக் கடன் வாங்கித்தான் கொண்டுவருவார்கள், வட்டி கட்டுகிறவர்களுக்கு வாடகை கட்டக் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். ஓனர் பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. அட்வான்ஸ் பணம் நம் பணம் இல்லை, திருப்பிக் கொடுக்கவேண்டியது, ஆனால் வந்ததும் அது மகளின் காலேஜ் ஃபீஸ், மாடிக்குத் தளம் என்று கரைந்துவிடுகிறது. பிறகு அவர் காலி செய்யும்போது "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று சொல்லவேண்டி வருகிறது. எவ்வளவு வாங்கினாலும் சரி, அதைத் தனியாக ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள்.

பதினோரு மாச அக்ரிமென்ட் எழுதினால் போதாதா?

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினோரு மாசம் என்ற பழக்கமே வந்தது. இப்போது வாடகைச் சட்டம் வேறு ஒன்று கேட்கிறது: மாசக் கணக்கு எதுவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து ஒரு எண் வாங்கவேண்டும். சார்பதிவாளர் ஆபீஸ் வேறு, இது வேறு. இதற்கு அரசின் தனி இணையதளம் இருக்கிறது, அதிலேயே விண்ணப்பிக்கலாம். பிரச்சினை வந்து அதிகாரியிடம் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

முன்பிருந்த 1960-ஆம் வருஷச் சட்டம் போய்விட்டது. "ரென்ட் கன்ட்ரோல் கோர்ட்டுக்குப் போனால் இருபது வருஷம் இழுக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது அந்தப் பழைய சட்டத்தின் காலத்துக் கதை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இப்போதும் வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அக்ரிமென்டில் என்னென்ன எழுதவேண்டும்? ஸ்டாம்ப் வெண்டரிடம் இருக்கும் மாதிரியே போதுமா?

போதாது. அந்த மாதிரியில் பெயர், விலாசம், வாடகை, அட்வான்ஸ் எல்லாம் இருக்கும், சண்டை வரும் விஷயம் ஒன்றுகூட இருக்காது. தண்ணீர் லாரி வாங்கினால் யார் எவ்வளவு கொடுப்பது, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, பைக் எங்கே நிற்கும், மொட்டைமாடிச் சாவி யாரிடம், எத்தனை பேர் குடியிருப்பார்கள், காலி செய்ய எத்தனை மாச நோட்டீஸ், பெயின்ட் செலவு யாருடையது, வருஷத்துக்கு எவ்வளவு வாடகை ஏறும் — இவையெல்லாம் ஒவ்வொரு வரியாக இருக்கவேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் அது ஒரு நாள் மாடிப்படியில் நின்று கத்துகிற விஷயமாக மாறும். நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி, குடி வந்த நாளில் இரண்டு பேரும் கூச்சப்பட்டுப் பேசாமல் விட்ட ஏதோ ஒன்றிலிருந்து ஆரம்பித்தவைதான்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, சாவி கொடுக்கும் நாளில் செய்கிற ஒரு வேலை. பால் காய்ச்சுவதற்கு முன்னால், வீடு காலியாக இருக்கும்போதே, அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ரூமாகப் போவேன். ஃபேன் போட்டுக் காட்டுவேன். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடுவேன். சமையல்கட்டு மேடைக் கல்லில் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தால் அதையும் சேர்த்து போனில் போட்டோ எடுப்பேன். கடைசியில் இபி மீட்டரின் ரீடிங். அரை மணி நேரம் ஆகும். எடுத்த போட்டோ எல்லாவற்றையும் அன்றைக்கே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், "பார்த்துக்கோங்கம்மா, நான் எதையாவது விட்டிருந்தா நீங்க எடுத்து அனுப்புங்க" என்று ஒரு வரியும் சேர்த்து. மூன்று வருஷம் கழித்து "இந்த விரிசல் நாங்க வர்றப்பவே இருந்துச்சு" என்று அவர்கள் சொன்னால் இரண்டு பேரும் பழைய படத்தைத் திறந்து பார்ப்போம், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

யாருக்கு வாடகைக்கு விடுவது? பேச்சுலர் பையன்களுக்கு விடலாமா?

தாராளமாக விடலாம். மேலே நடு போர்ஷனில் ஆறு வருஷமாக மாறி மாறிப் பையன்கள்தான் இருக்கிறார்கள். வாடகை ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை. பாத்ரூமைக் கழுவச் சொல்லி அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்கவேண்டியது மூன்று. ஆதார் நகல், வேலை செய்யும் இடம், முன்பு குடியிருந்த வீட்டு ஓனரின் போன் நம்பர். மூன்றாவதை யாரும் வாங்குவதே இல்லை. அவரிடம் இரண்டு நிமிஷம் பேசினால் போதும், வாடகை ஒழுங்காக வந்ததா, ஏன் காலி செய்தார்கள் என்று தெரிந்துவிடும். சென்னையில் 2012-ல் வங்கிக் கொள்ளைகளுக்குப் பிறகு குடித்தனக்காரர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள், அதிலிருந்து நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஃபாரம், ஒரு போட்டோ. பெரிய வேலை இல்லை.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியை விசாரிப்பது, பெயரைக் கேட்டதும் "வீடு பேசி முடிச்சிட்டோமே" என்று பொய் சொல்வது இதையெல்லாம் செய்யாதீர்கள். டூ-லெட் போர்டைப் பார்த்துக் கதவைத் தட்டி, இப்படி எட்டு வீட்டில் திருப்பி அனுப்பப்பட்டு ஒன்பதாவதாக எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு நர்ஸ் அம்மா, நான் சரி என்று சொன்ன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டு "எங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலியே நீங்க" என்றார். ஏழு வருஷம் இருந்தார். அந்தக் கீழ் போர்ஷன் அவர் இருந்தபோது இருந்த மாதிரி வேறு யாரிடமும் இருந்ததில்லை.

வாடகை லேட்டாகிறது. என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். சம்பளமே ஏழாம் தேதி வருகிறவரிடம் ஐந்தாம் தேதி வாடகை கேட்பதில் அர்த்தம் இல்லை, பத்தாம் தேதி என்று மாற்றி எழுதிவிட்டால் பன்னிரண்டு மாசத்துக்கும் நிம்மதி. சில பேருக்கு நிஜமாகவே கஷ்டம் வரும். கீழ் வீட்டில் இருந்த ஒரு டிரைவர் தம்பிக்கு ஒரு வருஷம் விபத்தில் கால் உடைந்து மூன்று மாசம் வேலை இல்லை. "அக்கா, அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈவிரக்கம் இல்லாமல் இல்லை, அட்வான்ஸ் தீர்ந்துபோனால் நாளைக்கு வேறு வீட்டுக்குப் போக அவன் கையில் ஒன்றும் இருக்காது. மூன்று மாச பாக்கியை ஒரு தாளில் எழுதி, வேலைக்குத் திரும்பியபிறகு மாசம் 2,000 சேர்த்துக் கொடுப்பதாகப் பேசினோம். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாயிற்று, ஆனால் முழுசாக வந்தது.

கஷ்டம் எதுவும் இல்லாமல் வேண்டுமென்றே இழுக்கிறவர்களும் உண்டு. இரண்டாவது மாசம் தாண்ட விடாதீர்கள். சட்டத்தில் வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் இரண்டு மாச வாடகை பாக்கியும் ஒன்று. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். போனில் கேட்டது, நேரில் கேட்டது எதற்கும் சாட்சி கிடையாது, அதனால் பேசி முடித்த உடனே "இன்னைக்குப் பேசினபடி 15-ஆம் தேதிக்குள்ள ரெண்டு மாசமும் கொடுத்திடுங்க" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். வாடகையை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ வாங்குங்கள். கையில் வாங்கினால் ரசீது கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

பாக்கி வைத்தால் தண்ணீர், கரண்ட்டை நிறுத்தலாமா?

கூடாது. சட்டப்படியே தப்பு. பாக்கி இருந்தாலும், கேஸ் நடந்துகொண்டிருந்தாலும் தப்புதான். பூட்டு மாற்றுவதும் சாமானை வெளியே வைப்பதும் அப்படியே. இதைச் செய்த அன்றிலிருந்து நியாயம் உங்கள் பக்கம் இல்லாமல் போய்விடும். அதோடு அந்த வீட்டுக்குள் ஒரு கைக்குழந்தையோ வயசானவரோ இருப்பார்.

கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது? சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கலாமா?

முடிந்தால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இபி இணைப்பு வாங்குங்கள். காரணம் கணக்கிலேயே தெரியும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. மூன்று குடும்பம் தலா 200 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் என்றால் ஒவ்வொருவருக்கும் 100 யூனிட் கழிந்து, மிச்சமிருக்கும் நூறுக்குக் குறைந்த விலையில் பில் வரும். மூன்றும் ஒரே மீட்டரில் ஓடினால் 600 யூனிட், இலவசம் கழிவது ஒரே ஒரு நூறு, அதோடு 500-ஐத் தாண்டியதால் விலையும் மேலே ஏறிவிடும். அந்தக் கூடுதல் விலை முழுக்கக் குடித்தனக்காரர் தலையில்தான் விழுகிறது.

தனி இணைப்பு கிடைக்காத இடத்தில் சப்-மீட்டர் வைத்துத்தான் ஆகவேண்டும். அப்போது இபி பில்லையே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், மொத்தத் தொகையை யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு 10 ரூபாய், 12 ரூபாய் என்று அடித்து வாங்கி அதில் லாபம் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகை போதவில்லை என்றால் வாடகையைக் கூட்டிக் கேளுங்கள், அவர்கள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டுப் போகட்டும். மோட்டாரும் மாடிப்படி லைட்டும் யார் மீட்டரில் ஓடுகிறது என்று ஒருமுறை ஒயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வாசல் லைட்டு இரண்டு வருஷமாக ஒரு குடித்தனத்தின் மீட்டரில் ஓடியிருந்தது, அவர்களாகச் சொல்லும் வரை எனக்குத் தெரியாது. கணக்குப் போட்டு வாடகையில் கழித்துக் கொடுத்தேன்.

தண்ணீர்ச் சண்டை தீரவே தீராதா?

தீரும், மோட்டார் சுவிட்சை மனிதர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டால். காலை ஆறு மணிக்கு யார் போடுவது, போட்டவர் மறந்து டேங்க் நிரம்பி வழிந்தால் யார் குற்றம், சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில்) தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் காயில் எரிந்தால் யார் செலவு என்று வாரம் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் தானாகப் போட்டு நிறுத்தும் கன்ட்ரோலரை மாட்டினேன், சம்ப் காலியானால் ஓடாமல் நிற்கும் வகையில். அன்றோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது. 2019 கோடையில் போர் வற்றிப்போய் லாரித் தண்ணீர் வாங்கியபோது தலைக்கு இவ்வளவு என்று பிரித்தோம், வீட்டுக்கு இவ்வளவு என்று இல்லை. இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கொடுப்பது நியாயம் இல்லை. ஒவ்வொரு லாரி பில்லையும் மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஒட்டிவைத்தேன்.

மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கீழே கசிகிறது. யார் வீட்டுப் பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பணமும் மனசும் ரொம்ப வீணாகிறது. கீழ்வீட்டு சீலிங்கில் முதலில் டீ சிந்தின மாதிரி ஒரு மஞ்சள் வட்டம் தெரியும், பிறகு பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். அதைப் பார்த்த உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே டைல்ஸை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள். முதலில் எந்தத் தண்ணீர் கசிகிறது என்று பார்க்கவேண்டும்.

மேல் பாத்ரூமில் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணி வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டு, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க விடுங்கள். அதில் சொட்டு நீலம் ஒரு மூடி ஊற்றிக் கலக்குங்கள். ஒரு நாள் முழுக்க யாரும் அதைப் பயன்படுத்தக்கூடாது, அதனால் முன்னாடியே கேட்டு அவர்கள் ஊருக்குப் போகும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். கீழே கசிவு நீலமாக வந்தால் தரையில் வாட்டர் புரூஃபிங் போயிருக்கிறது. நீலம் வராமல் வெறும் தண்ணீர் தொடர்ந்து சொட்டினால் சுவருக்குள் ஓடும் பைப்பில் ஓட்டை, அதில் எந்நேரமும் பிரஷர் இருப்பதால் யாரும் குளிக்காத நாளிலும் கசியும். இரண்டும் இல்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு அடைப்பை எடுத்தபிறகு மட்டும் கசிந்தால் கழிவுநீர்ப் பைப்பின் இணைப்பில் கோளாறு. அப்படி இருந்தால் பாதி நேரம் கீழ்வீட்டு லாஃப்ட் பக்கத்திலிருந்தே சரிசெய்துவிடலாம், மேலே ஒரு டைல்ஸைக்கூடத் தொடவேண்டாம்.

எங்கள் வீட்டில் மேல் குடும்பம் "தண்ணி அதிகமா ஊத்துறாங்க" என்று கீழ் குடும்பம் எட்டு மாசம் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இரண்டு பெண்களும் மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. நீலம் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டுகூட நீலமாக வரவில்லை. சுவருக்குள் இருந்த பழைய ஜிஐ (இரும்பு) பைப் துருப்பிடித்து ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. முழுக்க என் பொறுப்பு. பைப்பை மாற்றி, கீழ் சீலிங்குக்கும் நானே பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். முதல் மாசமே பார்த்திருந்தால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அத்தனை கசப்பு வந்திருக்காது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எந்த ரிப்பேர் ஓனர் செலவு, எது குடித்தனக்காரர் செலவு?

சட்டத்தின் பின்னால் ஒரு அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள். கட்டடம் சம்பந்தப்பட்டது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் இவை ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், கீஸர், வாஷ்பேசின், உடைந்த கண்ணாடி, தாழ்ப்பாள் மாதிரிப் புழக்கத்தில் தேய்வது குடித்தனக்காரர். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி நடக்கலாம். நான் ஒன்று செய்கிறேன்: 500 ரூபாய்க்குள் முடிகிற எதுவானாலும் என்னைக் கேட்காமல் அவர்களே சரிசெய்துகொண்டு, ஓனர் வேலையாக இருந்தால் பில்லைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒழுகும் குழாய்க்காக யாரும் எனக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் செய்வதில்லை.

வாடகையை எவ்வளவு, எப்படி ஏற்றுவது?

ஒப்பந்தத்தில் எழுதின அளவுக்கு. சென்னையில் பொதுவாக வருஷத்துக்கு 5 முதல் 10 சதவீதம் வரை எழுதுகிறார்கள். எழுதாமல் இருந்தால் மூன்று மாசத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு ஏற்றவேண்டும். நல்ல குடித்தனக்காரர் என்றால் நான் ஒரு வருஷம் ஏற்றாமலேயே விட்டிருக்கிறேன். அவர் காலி செய்துவிட்டுப் போய் வீடு இரண்டு மாசம் பூட்டிக் கிடந்தால் 5 சதவீதத்தில் மூன்று வருஷத்துக்குக் கிடைப்பதைவிட அதிகம் போய்விடும்.

என் வீடுதானே, உள்ளே போய்ப் பார்க்கலாமா?

24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். மெசேஜ் போட்டு, அவர்கள் சரி என்ற பிறகு போங்கள். இன்னொரு சாவி கையில் இருக்கிறது என்பதற்காக அவர்கள் இல்லாதபோது திறந்து பார்ப்பது பெரிய தப்பு. காலி செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தினமும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு காட்டுவதும் அப்படித்தான், அங்கே ஒரு பெண் சமைத்துக்கொண்டிருப்பார், பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறு சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ் போர்ஷன்களில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் போயின. மோட்டாரும் மெயின் ஸ்விட்ச் போர்டும் என்னுடையவை, அவையும் போயின. அவர்கள் பொருளுக்கு ஓனர் பணம் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை கேட்பது நியாயமாகப் படவில்லை, கீழ் இரண்டு வீட்டுக்கும் அந்த மாசம் பாதி வாடகைதான் வாங்கினேன், மேல் போர்ஷன் ஒன்று அப்போது காலியாக இருந்ததால் அவர்களை அங்கே படுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு கீழே இருக்கும் பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் நாலடி உயரத்துக்கு ஏற்றினேன். தாழ்வான இடத்தில் வீடு இருந்தால் அதை முதல் நாளே வருகிறவரிடம் சொல்லிவிடவேண்டும், சொல்லாமல் கீழ் வீட்டை விடுவது ஏமாற்றுவதுதான்.

12 வருஷம் ஒரே ஆள் இருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. பன்னிரண்டு வருஷ அனுபவம் என்று சொல்வது, ஓனரின் உரிமையை மறுத்து, அவர் அனுமதி இல்லாமல் ஒருவர் அனுபவித்து வந்தால் வருகிற விஷயம். குடித்தனக்காரர் இருப்பதே உங்கள் அனுமதியில்தான், மாசா மாசம் வாடகை கொடுப்பதே நீங்கள் ஓனர் என்று ஒப்புக்கொள்வது. இருபது வருஷம் ஆனாலும் அப்படித்தான். ஒப்பந்தமும் வாடகை வந்ததற்கான கணக்கும் உங்களிடம் இருந்தால் போதும். இந்தப் பயத்தால் ஒழுங்காக இருக்கிறவர்களைக்கூட மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பிவிடுகிறார்கள், பாவம் அந்தப் பிள்ளைகள் ஸ்கூல் மாறவேண்டியிருக்கிறது.

ஆதார், ஓட்டர் ஐடி, ரேஷன் கார்டில் என் வீட்டு விலாசம் போட விடலாமா?

விடுங்கள். அதனால் வீட்டில் ஒரு உரிமையும் வராது. ரேஷன் அரிசி வாங்குவதும் ஓட்டுப் போடுவதும் அவர்கள் உரிமை.

ஒத்திக்கு விடுவது நல்லதா?

மாச வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தருவது. சென்னையில் லீஸ் என்பார்கள், தெற்கே ஒத்தி. திருப்பித் தரும் பணம் கையில் தயாராக இருக்கும் என்ற உறுதி இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். எடுக்கிறவர்கள் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றிதழும் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. ஓனரிடம் மாச வாடகைக்கு எடுத்த ஆள், தானே ஓனர் மாதிரி நடித்து ஒத்திக்கு விட்டு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஓடிப்போனது எங்கள் பக்கத்துத் தெருவிலேயே நடந்தது. ஓனருக்கும் தெரியாது, குடும்பத்தோடு வந்தவருக்கும் தெரியாது. அதனால் மாசம் ஒருமுறையாவது ஓனர் நேரில் போய் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

வாடகைக்கு வருமான வரி உண்டா?

உண்டு. ஆனால் முழுத் தொகைக்கும் இல்லை. வருஷத்துக்கு 1,44,000 வாடகை வந்து நீங்கள் சொத்து வரி 4,000 கட்டியிருந்தால் மிச்சம் 1,40,000. அதில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று கழித்துவிடுவார்கள், செலவு செய்த பில் கேட்கமாட்டார்கள். வருமானமாகக் கணக்கில் வருவது 98,000. குடித்தனக்காரர் வரிச் சலுகைக்காக ஆபீஸில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) காட்ட, வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் உங்கள் பான் எண் கேட்பார், கொடுத்துவிடுங்கள். மாச வாடகை 50,000-க்கு மேல் என்றால் குடித்தனக்காரரே வாடகையில் 2 சதவீதத்தை வரியாகப் (டிடிஎஸ்) பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். ஓனர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்த 50,000 வரம்பு கிடையாது, பிடிக்கும் சதவீதமும் 30-ஐத் தாண்டும். தம்பியின் ஃபிளாட்டுக்கு வருகிறவர்களிடம் இதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் அவர்களுக்குத்தான் போகும்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்டுக்கு ஒரு மாச வாடகை பிடிக்கலாமா?

எல்லோரும் பிடிக்கிறார்கள். நான் பிடிப்பதில்லை. மூன்று வருஷம் மனிதர்கள் குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும், அது புழக்கம், சேதம் இல்லை. அட்டவணையிலும் வெள்ளையடிப்பது ஓனர் பக்கம்தான் இருக்கிறது. சுவரில் டிரில் போட்டு இருபது ஓட்டை, உடைந்த வாஷ்பேசின் என்று இருந்தால் அந்த வேலைக்கு மட்டும் பில் வாங்கி, பில்லைக் காட்டிக் கழிக்கிறேன். ஆறு மாசத்திலேயே காலி செய்தால் பெயின்ட் செலவில் பாதி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறேன், அதற்கு இதுவரை யாரும் மறுப்பு சொல்லவில்லை.

ஒரு விஷயம், மாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி கடைசியில் காலி செய்தால் ஆடி முழுக்க யாரும் குடி வரமாட்டார்கள், கார்த்திகை கடைசி என்றால் மார்கழி அப்படி. அதனால் நோட்டீஸ் வந்ததும் அன்றைக்கே டூ-லெட் போர்டு மாட்டிவிடுகிறேன். அட்வான்ஸைத் திருப்பித் தர அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சட்டம் ஒரு மாசம் தருகிறது, நான் சாவி வாங்கும் அன்றே பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறேன். இபி பில் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவதால், அன்றைய மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து உத்தேசமாக ஒரு தொகையை மட்டும் நிறுத்திவைத்து, பில் வந்ததும் கணக்குப் பார்த்து மிச்சத்தை அனுப்புவேன். சாமான் வண்டி கிளம்பியபிறகு அவர்களோடு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, குடி வந்த அன்று எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கேஸ் இணைப்பு மாற்றினார்களா, பால்காரர் கணக்கு முடிந்ததா, எல்லாச் சாவியும் வந்ததா என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். மொட்டைமாடிச் சாவியைத்தான் எப்போதும் மறந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதை ஞாபகமாகக் கேளுங்கள்.